திட்டு வாங்காத வாசல்

திருப்பதிக்குக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் ஆயிரம் சொல்வார்கள். மாடியில் தண்ணீர் சிந்தாதே, பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறக்காதே, விருந்தாளி வந்தால் இரண்டு நாளில் அனுப்பிவிடு. கங்கம்மா ஜாத்திரையைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். உலகத்துக்கே தெரிந்த சங்கதி என்று நினைப்பு. நான் சொன்னேன். என் சித்தி மகன் ரகு அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து போன வருஷம் ஜாத்திரைக்குப் பிறகு வேலைக்கு வந்தவன், அவனை உட்காரவைத்துச் சொன்னேன். ஆம்பிளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக வருவார்கள், கன்னாபின்னாவென்று திட்டுவார்கள், நீ கையெடுத்துக் கும்பிட வேண்டும், கங்கம்மாவே வந்து திட்டுகிற மாதிரி. செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அந்தத் தலையாட்டலின் லட்சணம் பின்னால்தான் தெரிந்தது.

கதை என்னவென்றால், எந்தக் காலத்திலோ பெண்களை நாசம் செய்த ஒரு பாளையக்காரன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டானாம். அவனை வெளியே இழுக்க அம்மா தினம் ஒரு வேஷம் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகத் திட்டிக்கொண்டு போனாளாம். அதனால்தான் மே மாதத்தில் ஒரு வாரம் இந்த ஊரில் வேஷம் நடக்கிறது. ஒரு நாள் உடம்பெல்லாம் குங்குமம், மறுநாள் கரி, அதற்கு மறுநாள் சந்தனம். கையில் வேப்பிலைக் கொத்து, முன்னால் பறை. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. வேஷம் ஒரு வாசலையும் விடக் கூடாது. திட்டு வாங்காத வாசலுக்கு அந்த வருஷம் அம்மாவின் பார்வை இல்லை என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியைத் திட்டினால் இன்னும் விசேஷம், திருஷ்டி கழியும் என்பார்கள்.

நான் நாகலாபுரத்துப் பக்கம் பிறந்தவள். என் அப்பனும் பாட்டனும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். பாகாலா ஊர்க்காரருக்கு வாழ்க்கைப்பட்டு இந்தச் சந்துக்கு வந்து, தமிழிலும் தெலுங்கிலும் ஒரே அளவுக்குச் சண்டை போடக் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். சந்தின் முன்பக்கம் தெலுங்குக்காரர்கள். பின்பக்கம், அவர்களில் ஒருத்தியான செல்லியம்மா வாடகைக்கு விட்ட வரிசை வீடுகள். அங்கே ரகு முதலில் வந்தான், அவனைப் பிடித்துக்கொண்டு யோகேஷ் வந்தான், அவனைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிலர். இப்போது வரிசை முழுக்கத் தமிழ்ப் பையன்கள்தான்.

செல்லியம்மாவின் மகன் கிரண்குமார் டிப்ளமோ படித்தவன். ரேணிகுண்டா பக்கத்தில் ரகு வேலை பார்க்கிற அதே கம்பெனிக்குத்தான் அவனும் மனுப் போட்டான். கூப்பிட்டார்கள், பேசினார்கள், எடுக்கவில்லை. காண்ட்ராக்டர் மூலமாக வந்த எங்கள் பையன்களை எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இவர்கள் கம்பெனி பஸ் ஏறுவதை அவன் தினமும் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பான். யாராக இருந்தாலும் வயிறு எரியும். அதோடு குழாயடி வேறு. சந்துக்கு ஒரே குழாய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். யாரோ வரிசையில் வைத்த குடத்தை யாரோ எட்டி உதைத்தார்கள். எங்கள் பையன்கள் அவர்களைக் கொல்டி என்றார்கள், தெலுங்குப் பையன்கள் இவர்களை அரவம் என்றார்கள். இரண்டு கழிசடைப் பேச்சும் என் காதில் விழும். இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துத்தான் பேசினார்கள்.

குங்கும வேஷத்தன்று காலையில் கிரண் வந்தான். தலை முதல் கால் வரை சிவப்பு. முன்பக்க வாசல்களில் தெலுங்கில் திட்டினான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், கும்பிட்டார்கள். பின்பக்கம் வந்ததும் தமிழுக்கு மாறினான். குழாயடியில் எங்கள் பையன்களிடமே பொறுக்கிய தமிழ். ரகுவின் மனைவி ஹர்ஷினி ஏழு மாதம். நான் சொல்லியிருந்தபடி ஈரத் தலையோடு வாசலில் வந்து கும்பிட்டு நின்றாள். கிரண் வேப்பிலைக் கொத்தை அவள் வயிற்றுக்கு நேராக நீட்டி, இது எவனுடையது என்று கேட்டான். நான் இங்கே நாசூக்காக எழுதுகிறேன். அவன் நாசூக்காகக் கேட்கவில்லை.

ரகு நைட் ஷிப்ட் முடிந்து வந்து பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையோடு வந்து ஒரே குத்து. கிரணின் புருவம் பிளந்தது. முகத்தில் குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. வேப்பிலைக் கொத்து சாக்கடை ஓரத்தில் விழுந்தது, பறை நின்றது. ஒரு பெண் "அம்மவாரினி கொட்டேசாடு" என்று அலறினாள். அம்மனையே அடித்துவிட்டான் என்று அர்த்தம்.

அம்மாதான் கேட்டாளா, கிரண்தான் கேட்டானா என்று என்னைக் கேட்டால், வேஷத்துக்குள்ளே கிரணும் இருந்தான் என்றுதான் சொல்வேன். வேஷத்தில் திட்டுகிறவன் கண்ணில் ஒரு விளையாட்டு இருக்கும். அன்றைக்கு அவன் கண்ணில் அது இல்லை. ஆனால் இதை யாரிடம் சொல்வது? தெலுங்குப் பையன்கள் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றார்கள். காலி செய்துகொண்டு உடனே ஓடச் சொன்னார்கள். யோகேஷும் மற்றவர்களும் கட்டிலைக் கழற்றி இரும்புச் சட்டங்களைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் இருக்கிற கூட்டாளிகளுக்கு யோகேஷ் போன் போட்டான். இரண்டு வேன் வருகிறது என்று ஒரு பேச்சு, நாலு வேன் என்று இன்னொரு பேச்சு.

ரகு பையைத் தூக்கிக்கொண்டு ஹர்ஷினியின் கையைப் பிடித்தான். ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய்விடலாம் என்றான். அதற்குள் ஆஸ்பத்திரியில் மகனுக்குத் தையல் போடவைத்துவிட்டுச் செல்லியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். ரகுவின் பையைப் பார்த்தாள். சாட்டிம்பு ஆகிவிட்டதே, எப்படிப் போவான் என்று கேட்டாள். சாட்டிம்பு என்றால் ஜாத்திரைக்குப் பறை அடித்து ஊருக்குச் சொல்வது. அதற்குப் பிறகு ஊரில் இருந்தவர் ஜாத்திரை முடிகிற வரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. பிறந்த ஊர் எதுவானாலும் சரி, சாட்டிம்பின்போது உள்ளே இருந்தவன் அம்மாவின் ஆள்.

அவ்வளவுதான். ஓடு ஓடு என்று கத்திக்கொண்டிருந்த அதே பையன்கள், போகக் கூடாது என்று வழியை மறித்தார்கள். எனக்குப் பயம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அவர்களில் ஒருவனைப் பிடித்து, முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள், பிறகு எங்களை விரட்டுங்கள் என்று தெலுங்கில் கேட்டேன். அவன் முறைத்தான்.

போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து, புகார் உண்டா என்று கேட்டார். ஜாத்திரை முடியட்டும் என்றாள் செல்லியம்மா. முடிந்தால் என்ன செய்வாள் என்று சொல்லவில்லை. எனக்கு வேனைப் பற்றியும் போலீஸைப் பற்றியும்கூட அவ்வளவு பயமில்லை. இந்தச் சந்தில் இந்த வருஷம் யாருக்காவது காய்ச்சல் வந்தால், கன்று செத்தால், ரகு அடித்த அடியால்தான் என்பார்கள். ஹர்ஷினியின் பிரசவத்தில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், அம்மா கூலி கொடுத்துவிட்டாள் என்று அதே வாயால் சொல்லி நிம்மதியாகத் தூங்குவார்கள். அப்படி ஒரு சந்தில் அந்தப் பெண் எப்படிப் பிள்ளை பெறுவாள்?

சாயங்காலம் செல்லியம்மா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"வேஷத்த அடிச்ச கை வேஷம் போடணும் மனோரமா. நாளைக்கி கரி. எல்லா வாசல்லயும் நின்னு திட்டணும், ஒண்ணு கூட வுடக் கூடாது. அதோட அம்மாகிட்ட தப்பு தீந்துபூடும். அப்பறம் யாரு வாயத் தொறந்தாலும் நான் பாத்துக்கறேன்."

உங்கள் மகன் வாசலிலும் நின்று திட்ட வேண்டுமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அவன் கும்பிட்டுக்கொண்டு நிற்பானா என்று கேட்டேன். நிற்பான் என்றாள். அந்தக் குரலில் எனக்கு அத்தனை நம்பிக்கை வரவில்லை.

ரகு குதித்தான். என் பெண்டாட்டியைக் கேட்கக் கூடாததைக் கேட்டவன் அவன், நான் கரியைப் பூசிக்கொண்டு ஆட வேண்டுமா என்றான். நாலு நாள் உள்ளே கிடக்கிறேன், ஜாத்திரை முடிந்ததும் ஊருக்குப் போய்ச் சேருகிறேன் என்றான். ஹர்ஷினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஊர்ல யாரு கீறாங்க நமக்கு? எங்கம்மாவா உயிரோட கீது, பிரசவம் பாக்க? புள்ள இங்கதான் பொறக்கணும். போட்டுக்க மாமா."

மறுநாள் காலையில் ரகு கரி பூசிக்கொண்டான். கழுத்தில் வேப்பிலை மாலை. யோகேஷ் கூட்டத்துக்கு ஏக குஷி. லைசென்ஸ் கிடைத்துவிட்டது, விடாதே, இதைச் சொல், அதைச் சொல் என்று ஆளுக்கு ஒரு வசவை எடுத்துக்கொடுத்தார்கள். ஆனாலும் ஒருவனும் இரும்புச் சட்டத்தைக் கீழே வைக்கவில்லை. எதிர்ப்பக்கம் இவர்களைவிட இரண்டு மடங்கு கூட்டம். எல்லார் கையிலும் செல்போன், எல்லாம் ரகுவைப் பார்த்து.

முதல் வாசலில் ரகுவுக்கு வாயே வரவில்லை. கழுதை என்றான், காது கேட்காத மாதிரி. இரண்டாவது வாசலில் கொஞ்சம் சத்தம் வந்தது. நாலாவது வாசலில் பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறவனைப் பைக்கோடு சேர்த்துக் கிழித்தான். அந்த வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். சந்து கொஞ்சம் மூச்சுவிட்டது.

அடுத்தது செல்லியம்மா வாசல். கிரண் புருவத்தில் பிளாஸ்திரியோடு நின்றான். கை இரண்டும் தொடையை ஒட்டித் தொங்கின. பறைக்காரர் அடிக்கிற கையை மெதுவாக்கினார். செல்லியம்மா மகனைத் திரும்பிப் பார்த்தாள். கிரண் கையைக் கூப்பினான்.

ரகு திட்டினான். யோகேஷ் எடுத்துக்கொடுத்த வசவு ஒன்றுகூட அதில் இல்லை. நடுநடுவே வந்த கெட்ட வார்த்தைகளை நான் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

"உன் வேலைய நான் புடுங்கினேனாடா? நானும் காண்ட்ராக்ட்தான்டா. நாளைக்கே வராதன்னா நாளைக்கே நான் தெருவுல நிக்கணும். ராத்திரியெல்லாம் நின்னுக்கினே வேல செஞ்சிட்டு வந்து, உன் மூஞ்சில முழிச்சிட்டுத்தான் தூங்கறேன். ஒரு நாள் இன்னா ஏதுன்னு கேட்டிருப்பியாடா?"

கிரணின் தாடை இறுகியது. கூப்பிய விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன. வேஷத்துக்குப் பதில் சொல்லக் கூடாது. அவன் சொல்லவில்லை. ரகு அடுத்த வாசலுக்கு நகர்ந்தான்.

பின்பக்கம் எல்லாம் நம் ஆட்கள். யோகேஷுக்கு நல்ல பூசை கிடைத்தது. என் வாசலில் என்னைத் திட்டினதை எழுதப்போவதில்லை. பயலுக்கு என்மேல் அத்தனை இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரியும். கும்பிட்டுக்கொண்டே மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

கடைசி வாசல் அவனுடையது. ஹர்ஷினி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். ரகு அவளைத் தாண்டிப் போய்க் கழுத்து மாலையில் கை வைத்தான்.

இன்னும் ஒரு வாசல் இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவன் தெலுங்கில் சொன்னான். ரகு திரும்பி, அவளை விட்டுவிடுங்கள் என்றான். எப்படி விடுவது? ஊர்ப் பெண்களையெல்லாம் திட்டுவான், தன் பெண்டாட்டியை மட்டும் விடுவான் என்றால் அது அம்மாவா, இவனா? ஒரு வாசல் விட்டால் வேஷமே பொய், நேற்று அடித்த அடி அப்படியே நிற்கிறது என்று குரல்கள் ஏறின. முன்பக்கக் கூட்டம் ஓர் அடி உள்ளே வந்தது. யோகேஷ் சட்டத்தை வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.

"என் வாசல ஏன் வுடற?" என்றாள் ஹர்ஷினி. "நான் மட்டும் இந்தத் தெரு இல்லியா? திட்டு."

ரகு வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். கரி பூசிய முகத்தில் கண் மட்டும் தண்ணீராக நின்றது. அவளைத் திட்டியதற்காக ஒருத்தன் முகத்தைப் பிளந்தவன், இப்போது ஊர் பார்க்க அவனே அவளைத் திட்ட வேண்டும். பாவி, எனக்கே அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

அப்போது கிரண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். நான் பாய்ந்து நடுவில் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ரகுவிடம் தமிழில் சொன்னான்.

"தெலுங்குல திட்டுணா. அண்ணிக்குப் புரியாது. நான் சொல்றேன், நீ அப்படியே சொல்லு."

ரகு அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பார்ப்பதுபோல. தலையாட்டினான். கிரண் அவன் காதோரம் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். ரகு ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னான். கல்யாண மணையில் மாப்பிள்ளை மந்திரம் சொல்கிற மாதிரி பயபக்தியோடு. சோம்பேறி, சோற்றுப்பானை, எருமை. சரிதான், நல்ல பிள்ளை என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வரியில் என் காது சுட்டது. நேற்றுக் கேட்ட அதே கேள்வியைக் கிரண் தெலுங்கில் போட்டான். நேற்றைவிட அசிங்கமாகப் போட்டான். ரகு ஆம்பிளையே இல்லை என்பதையும், அதனால் இந்த வயிற்றுக்கு யார் யார் காரணமாக இருக்கலாம் என்பதையும், ரகுவின் வாயாலேயே சொல்லவைத்தான். ஒன்றும் அறியாத ரகு உச்சரிப்புப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தான். முன்பக்கப் பையன்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். யோகேஷ் கூட்டம் ஒன்றும் புரியாமல் அவர்களோடு சேர்ந்து இளித்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் ஒரு வார்த்தை தமிழில் சொன்னால் போதும், அந்த இரும்புச் சட்டங்கள் எல்லாம் எழும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஹர்ஷினி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிய கையை எடுக்காமல், தலையை மட்டும் வேண்டாம் என்று அசைத்தாள்.

அவளுக்குப் புரிகிறது. ரகு நைட் ஷிப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்கும்போது, இந்தப் பெண் தெலுங்குக்காரிகளோடுதானே குழாயடியில் நின்றாள்? நான் ஒரு மடச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. கிரணுக்கும் தோன்றவில்லை.

அவள் என்னிடமிருந்து கண்ணை எடுத்துக் கிரணைப் பார்த்தாள். முறைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கவில்லை. ரகுவின் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையையும் கிரணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். மிக மோசமான அந்த ஒரு வார்த்தை வந்தபோது கூப்பிய கையைச் சற்று மேலே தூக்கினாள், கோயிலில் தீபாராதனைக்குத் தூக்குவது மாதிரி.

கிரண் அடுத்த வார்த்தையைத் தொடங்கியிருந்தான். பாதியில் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடி நின்றது.

"அப்பறம்?" என்றான் ரகு.

பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அவனைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள். பறைக்காரர் குச்சியைத் தூக்கியபடியே நின்றார்.

"சொல்லுடா, அப்பறம்?"

"போதும்ணா," என்றான் கிரண். "அவ்ளோதான்."

அவன் தலை கவிழ்ந்திருந்தது. பெற்றவளைப் பார்க்காமல், கூட்டாளிகளைப் பார்க்காமல், சந்தின் சுவரை ஒட்டியே நடந்து வீட்டுக்குள் போனான். செல்லியம்மா மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து ரகுவின் தலையில் ஊற்றினாள். அவளுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. மீதித் தண்ணீரில் கையை நனைத்து ஹர்ஷினியின் வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. சந்தின் வாயை அடைத்து நின்றவர்கள் கலைந்தார்கள். யோகேஷ் கூட்டம் போய்க் கட்டிலை மாட்டியது. வேன் ஒன்றும் வரவில்லை.

கொல்லைப்புறத்தில் ரகு கரியைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தான். ஹர்ஷினி சொம்பில் மொண்டு அவன் முதுகில் ஊற்றினாள். நான் துண்டோடு நின்றேன்.

"நல்ல பையன்க்கா அவன்," என்றான் ரகு. "நான் அடிச்சத மனசுல வெச்சிக்காம எனுக்காக வந்து நின்னான் பாரு. நாமதான் தப்பா நெனச்சிக்கினு இருந்தோம்."

நான் ஹர்ஷினியைப் பார்த்தேன். இப்போதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"ஆமா மாமா," என்றாள் அவள். "நல்ல பையன்தான்."

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, துண்டை அவள் தோளில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.